வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு

என் மேசை லாச்சியில் ஒரு கொப்பி கிடக்கிறது. எண்பது பக்கக் கொப்பி. அதன் சொந்த மட்டை எப்போதோ கழன்றுபோக, யாரோ பிஸ்கற் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, வலை பின்னும் நைலோன் நூலால் தைத்திருக்கிறார்கள். உள்ளே முழுவதும் பின்னக் கணக்குகள். முதல் சில பக்கங்கள் பென்சிலில், பிறகு நீலப் பேனையில், பிறகு சிவப்பில் என்று குறைந்தது ஐந்து பேருடைய கையெழுத்தாவது அதில் உண்டு. நடுப்பக்கத்தில், தையலோடு ஒட்டி, நாலாக மடித்த துண்டுக் கடதாசி ஒன்று இருக்கிறது. அதில் பன்னிரண்டு இலக்கங்கள். அந்தக் கொப்பியில் என் கையெழுத்து என்று சொல்ல இருப்பது அந்தத் துண்டு மட்டும்தான். கொப்பியை எடுத்தால் அதையும் பார்க்கவேண்டிவரும் என்பதால் நான் அந்த லாச்சியை அடிக்கடி திறப்பதில்லை.

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் அப்போது எங்களுக்கு ஒரு கணினிக் கடை இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் கிண்ணியா நானாவுக்கும். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்; அவர்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற மாதிரி நானும் அவரை நானா என்றே அழைப்பேன். கணினி திருத்துவதும் பாகங்கள் விற்பதும் அவர் பக்கம், மென்பொருள் என் பக்கம். வீதிகள் திறந்து, சோதனைச் சாவடிகளில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்த வருடங்கள் அவை. சண்டை நின்றிருந்ததே தவிர முடிந்திருக்கவில்லை. சுழியோடி வந்து தாக்குகிறவர்களுக்குப் பயந்து துறைமுகத்தில் நீருக்கடியில் கடற்படை வெடி போடும்போது மேசையிலிருக்கும் தேநீர் ஒருமுறை நடுங்கும். கடையில் நிற்கும் ஆள்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். வெளிநாட்டு உதவியில் பாடசாலைகளுக்குப் பாவித்த பழைய கணினிகள் வந்து இறங்கின. இறக்கியவர்கள் அதில் பிள்ளைகள் எதைப் படிப்பது என்று யோசித்ததாகத் தெரியவில்லை. நான் யோசித்தேன். தமிழில், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஏற்றபடி, பின்னமும் விகிதமும் பழக்கும் ஒரு மென்பொருளைச் செய்தேன். சரியான விடைக்கு மணி அடிக்கும், பிழையான விடைக்கு ஒரு தவளை கத்தும். அந்தத் தவளையில் எனக்குத் தனிப் பெருமை.

செய்தேன் என்று எழுதும்போது கை கூசுகிறது. கொழும்பில் படித்த காலத்தில் ஒரு நண்பன் தந்த இறுவட்டில் கணிதப் பாடத்துக்கான நிரல் ஒன்று, அதன் மூலவரிகளோடு முழுதாக இருந்தது. பின்னத்தை வட்டமாக வெட்டிக் காட்டுவது, விடையைச் சரிபார்ப்பது எல்லாம் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிவைத்தவை. நான் போட்டது தமிழ் எழுத்தும் எங்கள் ஊர்க் கணக்குகளும் தவளையும். அந்த நிரலோடு ஒரு சின்னக் கோப்பும் வந்தது. இதை எடுங்கள், மாற்றுங்கள், மற்றவர்களுக்குக் கொடுங்கள், விற்கவும் செய்யலாம்; ஆனால் உங்களுக்குக் கிடைத்த அதே உரிமையை உங்களிடம் வாங்குகிறவருக்கும் கொடுக்கவேண்டும், மூலவரிகளை மறைக்கக்கூடாது என்பது அதன் சாரம். இப்படிப்பட்டதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று தமிழில் ஒரு பெயர் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன். அப்போது செய்ததெல்லாம் அந்தக் கோப்பை அழித்துவிட்டு, அதன் இடத்தில் எங்கள் கடையின் பெயரையும் ‘சகல உரிமைகளும் எமக்கே’ என்ற வரியையும் போட்டதுதான். ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் எங்கள் ஊரில் யாருக்கு விளங்கப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் பிரதியை நகரத்தில் தனியார் வகுப்பு நடத்திய ஒரு ரியூற்றரிக்கு விற்றேன். ஒரு மாதத்துக்குள் அது புல்மோட்டையில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். விற்றது ஒன்று, ஓடுவது பத்து. கைநிறையச் சம்பளம் வந்த கந்தோர் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவன் நான். மனைவிக்கு அது ஆறாம் மாதம். எனக்கு வந்த கோபம் நியாயமில்லாத கோபம் என்று இன்றும் சொல்லமாட்டேன். மற்றவர்கள் உழைப்பை அடியில் வைத்துக்கொண்டு களவு, களவு என்று கத்தினேன் என்பதுதான் வெட்கம். அந்தக் கோபத்தில் மென்பொருளுக்குப் பூட்டுப் போட்டேன். கணினியில் ஏற்றிய நாளிலிருந்து ஒரு வருடம் ஓடும். வருடம் முடிந்ததும் திரையில் ‘தவணை முடிந்தது, விற்பனையாளரை அணுகவும்’ என்று வரும். எங்களிடம் பன்னிரண்டு இலக்கத் திறப்பெண் ஒன்றை வாங்கிப் போட்டால் மறுபடி ஒரு வருடம்.

நானாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய வாப்பா புடவைக்கடை வைத்திருந்தவர். “துணிய வித்தா அது வாங்கினவங்கட துணி தம்பி. சட்டையும் தைப்பாங்க, தலகாணி உறையும் தைப்பாங்க. வருசம் முடிஞ்சி போச்சு, உடுப்பக் கழட்டித் தா எண்டு வாப்பா ஆர்ட்டயும் போய்க் கேட்டதில்ல,” என்றார். இது புடவைக்கடை இல்லை நானா என்று சிரித்துச் சமாளித்தேன். மென்பொருளைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்றும் மனதுக்குள் நினைத்தேன். நாள் தவறாமல் கணினிகளைப் பிரித்துப் பூட்டுகிற மனிதரைப் பற்றித்தான் அப்படி நினைத்தேன்.

டீச்சர் எங்கள் கடைக்கு வந்தது அந்தக் கிழமைகளில். இலங்கைத்துறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அவர் தொண்டர் ஆசிரியை. என்றைக்காவது நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் சம்பளமில்லாமல் படிப்பிப்பவர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். விடியவே ஊரிலிருந்து கிளம்பி, சாவடிகளைத் தாண்டி மூதூருக்கு வந்து, அங்கிருந்து லோஞ்சில் குடாவைக் கடந்து வந்திருந்தார். புலமைப்பரிசில் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் என்றார். இறுவட்டை வாங்கிக் கொப்பிகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தார். பிறகு, தங்களுடைய கணினி ஜெனரேற்றரை நிறுத்தினால் திகதியை மறந்துபோகிறது என்று ஒரு முறைப்பாடு சொன்னார். உள்ளேயிருக்கும் பொத்தான் அளவு பற்றரி செத்துவிட்டது என்று விளங்கப்படுத்தி, நானா புதிது ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அது போய்ச் சேரவில்லை. பற்றரி, இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த அந்தப் பக்கம் போகக்கூடாத சாமான் என்று சாவடியில் எடுத்துவிட்டார்களாம். அடுத்த முறை வந்தபோது டீச்சர் அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை.

“பரவாயில்லை நானா. காலமை கரும்பலகையில திகதி எழுதுறம்தானே. அதைப் பாத்து ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை கணினிப் பெட்டியிலயும் போடட்டும்,” என்றார். கரும்பலகையில் திகதி எழுதாமல் அவருடைய வகுப்பில் ஒரு பாடமும் தொடங்காது என்பதை அன்றைக்கு அறிந்துகொண்டோம்.

அந்த இரண்டாம் முறை அவர் வந்தது பற்றரிக் கதை சொல்ல அல்ல, என்னுடைய கணக்கு ஒன்றைத் திருத்த. “அண்ணா, உங்கட தவளை எங்கட வகுப்பில இருபத்திரண்டு பேருக்கும் கத்துது,” என்று தொடங்கினார். கணக்கு இதுதான்: ஒரு வள்ளத்தில் நான்கு பேர் கடலுக்குப் போனார்கள். அறுபது கிலோ மீன் பிடித்தார்கள். அதைப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை கிலோ? நான் வைத்த விடை பதினைந்து. நகரத்துப் பிள்ளைகளும் பதினைந்து என்றே போட்டார்கள். இலங்கைத்துறைப் பிள்ளைகள் ஒருவர் பாக்கியில்லாமல் பத்து என்று போட்டிருந்தார்கள். அவர்கள் கடற்கரையில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம்தான் ஆட்களுக்கு. நான்கு பேர் போனால் ஆறு பங்கு. அறுபதை ஆறால் பிரித்தால் பத்து. ஒவ்வொரு காலையும் கண்ணால் காண்கிற கணக்கு அது. தகப்பன் கொண்டுவரும் மீனை ஒழுங்காகக் கணக்குப் பார்த்த பிள்ளையைப் பார்த்து என் தவளை கத்தியிருக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தும் மீனைச் சோற்றுக் கோப்பையில் மட்டும் கண்டவன் நான், எனக்கு அந்தப் பிழை வந்ததில் ஆச்சரியமில்லை.

டீச்சர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் திரைக்கு முன்னால் இருந்துகொண்டு, அந்தக் கணக்கு எழுதியிருக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். “ரெண்டு விடையும் வரவேணும். எப்ப பதினைஞ்சு, எப்ப பத்து எண்டு பிள்ளைக்கு விளங்கவேணும். எழுதுற விதத்தை ஒருக்காச் சொல்லித் தந்தீங்களெண்டால் நானே திருத்துவன். என்னட்ட இன்னும் கனக்கக் கணக்கு இருக்கு, அதுகளையும் போடலாம்.” நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. மூலவரிகளின் தலைப்பில் அந்த முகம் தெரியாதவர்களுடைய பெயர்கள் இன்னும் கிடந்தன.

“அது ஏலாது டீச்சர். அது தொழில் இரகசியம். அடுத்த பதிப்பில நான் திருத்தித் தாறன்,” என்றேன்.

“கணக்கில என்ன அண்ணா இரகசியம்?” என்று கேட்டார். உண்மையாகவே விளங்காமல் கேட்ட மாதிரித்தான் இருந்தது. “விடையை மட்டும் எழுதிக்கொண்டு வாற பிள்ளைக்கு நான் புள்ளி போடுறேல்லை. செய்கை வழி எங்கை எண்டு கேப்பன். பாத்து எழுதினதோ விளங்கி எழுதினதோ எண்டு வேற எப்பிடித் தெரியும்? உங்கட பெட்டி சரி, பிழை எண்டு மட்டும் சொல்லுது. ஏன் பிழை எண்டு கேட்டால் காட்டாதாம்.”

உள்ளே ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த நானா தலையை நிமிர்த்திப் பார்த்தார். நான் அடுத்த பதிப்பு, அடுத்த பதிப்பு என்றே நின்றேன். அப்படி ஒன்று என் யோசனையில்கூட இருக்கவில்லை. டீச்சர் எழும்பி, கதிரையை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பின்னேர லோஞ்சுக்குப் போனார்.

பிறகு நிலைமை மெல்ல மெல்லக் கெட்டது. சாவடிகளில் மறுபடி முகங்கள் இறுகின. மூதூர் லோஞ்ச் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. அப்படியொரு நாளில் அந்தப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்து டீச்சரின் கடிதத்தைத் தந்தார். கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்து. ‘அண்ணாவுக்கு, இன்று காலை பிள்ளை திகதியைப் போட்டதும் தவணை முடிந்தது என்று வந்தது. இன்றோடு ஒரு வருடம் என்பது சரிதான். திகதி போடாமல் விட்டால் திறக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். உண்மைதான், திறக்கிறது. மூடிவிட்டேன். கரும்பலகையில் ஒரு திகதி, பெட்டியில் இன்னொரு திகதி என்று வைத்துக்கொண்டு நான் எப்படிக் கணக்குப் படிப்பிக்கிறது? பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கிறது. திறப்பெண்ணை இவரிடம் தந்துவிடுங்கள். அதற்குரியதை அடுத்த மாதம் நானே கொண்டுவந்து தருவேன்.’

திறப்பெண்ணை ஆக்க எனக்கு இரண்டு நிமிடம் போதும். ஆக்கினேன். துண்டுக் கடதாசியில் எழுதினேன். எழுதிய பிறகுதான் புத்தி வேறு பக்கம் ஓடியது. ஒருவருக்குக் கடனுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் ஆள் அனுப்புவார்கள். சட்டம் என்றால் எல்லாருக்கும் சட்டம். இதெல்லாம் வெளியில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள். அடியில் கிடந்தது வேறு: கதிரையை இழுத்துப் போட்டு என்னை அப்படிக் கேட்ட மனுஷி, இப்போது தானாக என்னிடம் வரட்டும் என்ற ஒரு சின்னப் புத்தி. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. வியாபாரியிடம், டீச்சரையே வரச் சொல்லுங்கோ என்றேன். “அவ எப்பிடி வாறது? றோட்டு எப்ப பூட்டுவாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?” என்றார். அப்படியென்றால் அடுத்த முறை நீங்கள் வரும்போது பார்ப்போம் என்று சொல்லித் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

“நம்பரக் குடுத்தியா தம்பி?” என்று கடை பூட்டும்போது நானா கேட்டார். அடுத்த முறை என்றேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை வரவில்லை. பத்து நாளில் சண்டை தொடங்கியது. எறிகணைச் சத்தம் குடாவைத் தாண்டி வந்து எங்கள் யன்னல்களை அதிரவைத்தது. லோஞ்ச் நின்றது, தொலைபேசி நின்றது. அந்தப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு தெற்கே நடந்து போய்விட்டது என்றார்கள். என் மகள் அப்போது தவழத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அவளைத் தூக்கும்போது சட்டைப் பைக்குள் அந்தத் துண்டு சரசரக்கும். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் எடுத்து மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த மாதங்களில் வேறு ஊர்ப் பாடசாலைகளின் கணினிகள் சில திருத்த வேலைக்கு வந்தன. நான் பூட்டி விற்ற மென்பொருள் அவற்றில் வருடம் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. திகதியைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் எப்போதோ முடிந்துபோன ஏதோ ஒரு வருடத்தின் முதல் நாள். பற்றரி செத்த கணினி ஒவ்வொரு காலையும் திகதி கேட்கும். எல்லாரும் ஒரு விசையைத் தட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணினிகளுக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்தான், தவணை முடிவதே இல்லை. பிரதி எடுத்தவர்களுக்காக நான் செய்த பூட்டு, நான் அறிந்தவரை, காலையில் உண்மையான திகதியைப் போட்ட ஒரே ஒரு வகுப்பில் மட்டும் விழுந்திருக்கிறது. நானாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்குரூட்ரைவரை மேசையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து, கிளிவெட்டியில் இடம்பெயர்ந்தவர்களுக்குப் போட்ட முகாமுக்கு நானா ஏதோ திருத்தப் போனார். திரும்பி வரும்போது இந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார். கூடாரத்துக்குக் கூடாரம் பிள்ளைகள் இதைப் பார்த்து எழுதுகிறார்கள், கேட்டதும் ஒரு தாய் தந்துவிட்டார் என்றார். திறந்தேன். முதல் பக்கத்தில் டீச்சருடைய குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது: ‘இதை யாரும் பார்த்து எழுதலாம். பிழை கண்டால் திருத்தி எழுதவும். புதுக் கணக்குத் தெரிந்தால் சேர்க்கவும். உங்களிடம் கேட்பவருக்கு மறுக்க வேண்டாம்.’

நான் அழித்த கோப்பு, வேறு சொற்களில். அதை அவர் ஒருநாளும் கண்டதில்லை. புத்தகமும் கணினியும் கைவிட்டுப் போன இடத்தில், நூறு பிள்ளைகளுக்கு ஒரு கொப்பி என்ற நிலையில், ஒரு கணக்கு டீச்சருக்குத் தானாகத் தோன்றிய ஒழுங்கு அது. பக்கங்களைப் புரட்டினேன். என் கணக்குகள் ஒவ்வொன்றாக, கீழே செய்கை வழியோடு வந்தன. மீன் கணக்கும் இருந்தது. வள்ளமும் வலையும் நால்வருக்கும் பொது என்றால் பதினைந்து, வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டென்றால் பத்து என்று இரண்டு வழியும் பென்சிலில். பக்கவாட்டில் நீலப் பேனையில் வேறொரு சின்னக் கை: ‘எங்கட ஊரில் வலைக்கு இரண்டு பங்கு. அப்ப ஏழு பங்கு. விடை எட்டுக் கிலோவும் ஏழில் நான்கும்.’ அதற்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி அடையாளம். அந்த இடத்தில் நான் அழுதேன்.

அடுத்த நாள் கொப்பியோடு கிளிவெட்டிக்குப் போனேன். டீச்சர் அங்கேதான் இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்து முகாம்களில் இருந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தறப்பாள் கட்டிய கொட்டில், மரத்தில் சாய்த்த ஒரு பலகை, அதன் மூலையில் அன்றைய திகதி. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் இருக்கச் சொல்லி ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தார். நான் துண்டை எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் அதை விரித்துப் பன்னிரண்டு இலக்கத்தையும் ஆறுதலாக, ஒவ்வொன்றாக வாசித்தார்.

“பெட்டியை அங்கேயே விட்டிட்டு வந்திட்டம் அண்ணா. கொப்பியளைத்தான் தூக்கிக்கொண்டு நடந்தனாங்கள். தவளை கத்தின கணக்கெல்லாம் பிள்ளையளுக்கு மனப்பாடம், அதால திருப்பி எழுத ஏலுமாயிருந்தது,” என்றார். பிறகு துண்டைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு சொன்னார்: “அண்டைக்கே தந்திருந்தால் பத்து நாள் படிச்சிருப்பினம்.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. கழித்தால் இவ்வளவு மிஞ்சும் என்று சொல்கிற குரல். அந்த வகுப்பில் மற்றவர்கள் முகாமில் பரீட்சை எழுதினார்கள், மூன்று பேர் எழுதவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடத்தில் அப்படிப்பட்ட கேள்விகளை ஒருவரும் கேட்பதில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நண்பனின் இறுவட்டு, முகம் தெரியாதவர்களின் நிரல், அழித்த கோப்பு, அதில் எழுதியிருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பக்கத்தை ஏன் அண்ணா கிழிச்சனீங்கள்?” என்று மட்டும் கேட்டார். போகும்போது, கொப்பியில் இருக்கிற கணக்குகளை மென்பொருளில் சேர்க்க அனுமதி கேட்டேன். “என்னட்ட ஏன் கேக்கிறீங்கள்? முதல் பக்கத்தை வாசிக்கேல்லையோ?” என்றார். இதைப் பார்த்து எழுதிய கொப்பிகள் வேறு இருக்கின்றன, நீங்கள் வைத்திருங்கள் என்று சொல்லி, துண்டையும் நடுப்பக்கத்தில் செருகித்தான் தந்தார்.

பூட்டை எடுத்துவிட்டேன். அழித்த கோப்பைத் திரும்பப் போட்டு, முகம் தெரியாதவர்களின் பெயர்களை வெளியில் தெரியவைத்தேன். மூலவரிகளைத் திறந்து வைத்தேன், நிபந்தனை என்ற இடத்தில் அந்த முதல் பக்கத்து வரிகளை அப்படியே எழுதினேன். கடை மூடிப்போகும் என்று பயந்தேன், மூடவில்லை. ஏற்றிக் கொடுப்பது, பழக்கிக் கொடுப்பது, திருத்திக் கொடுப்பது என்று வேலை இருந்தது. பணக்காரர் ஆகவில்லை. நானா இப்போது கிண்ணியாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். டீச்சருக்குக் கடைசியில் நியமனம் கிடைத்து உள்ளூர்ப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறார். நாங்கள் எப்போதாவதுதான் கதைப்போம். தவளை இப்போது கத்துவதில்லை, எப்படிச் செய்தாய் என்று காட்டு என்று கேட்கும். போன மாதம் புல்மோட்டையிலிருந்து நான் காணாத யாரோ ஒரு திருத்தம் அனுப்பியிருந்தார்: தங்கள் பக்கத்தில் எஞ்சினுக்கும் ஒரு பங்கு உண்டாம். சேர்த்துக்கொண்டேன். அதைக் கொப்பியிலும் எழுதிவைக்கலாம் என்றுதான் இன்று லாச்சியைத் திறந்தேன்.

துண்டு நடுப்பக்கத்தில் அப்படியே இருக்கிறது. பன்னிரண்டு இலக்கத்தில் ஒன்றுகூடப் பிழையில்லை. அந்தப் பெட்டி எங்காவது மிஞ்சியிருந்தால் இப்போதும் திறக்கும். திறந்து ஆவதொன்றும் இல்லை. டீச்சர் சொன்ன பத்து நாளைத்தான் நான் யோசிக்கிறேன். இருபத்திரண்டு பேரும் ஒரே வகுப்பில் இருந்த கடைசிப் பத்து நாள் அது.